ஒரே பாத்திரம்

கே.கே. நகர், மதுரை
9 ஜனவரி 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயக்கொடி தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். பண்டிகை முடிந்து ஊத்தங்குளத்திலிருந்து பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். நீங்களும் மதினியும் பிள்ளை ரூபியும் நலந்தானே? இங்கே குறை ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் அந்த இருமல் விடவில்லை. பேரையூர் பஸ்ஸில் குடித்த புழுதி என்று நினைத்துக்கொள்கிறேன். டெலிபோன் ஆபீஸில் நம்பர் கேட்பதற்குள் தொண்டை கமறுகிறது. சூப்பர்வைசர் அம்மாள் லீவு போடச் சொல்லிவிட்டார்கள்.

ரூபி இல்லாமல் எனக்குத்தான் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அங்கே இருந்த நாளெல்லாம் என் போர்வைக்குள்ளேயே தூங்கினாள், பாவம்.

சும்மா ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் திருவிருந்து கொடுத்தபோது, ஒவ்வொருவர் குடித்ததும் பாத்திரத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்தீர்கள். அது போதுமா? இங்கே எங்கள் சபையில் போன வருடத்திலிருந்து ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் திராட்சை ரசம் கொடுக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது. நீங்கள் ஆயராக இருக்கிற சபையிலும் யோசிக்கலாமே.

ரூபிக்கு இருமல் ஏதும் இல்லையே? மறக்காமல் எழுதவும்.

உங்கள் தங்கை,
ஜெயக்கொடி

ஊத்தங்குளம், பேரையூர் வழி
24 ஜனவரி 1979

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

அண்ணன் வேதமுத்து எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நாங்கள் மூவரும் சுகம். மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். ரூபி உன் பெயரைச் சொல்லாத நாளில்லை. இருமல் எல்லாம் இல்லை. நீ சுக்குத் தண்ணீர் வைத்துக் குடி.

குப்பியைப் பற்றி நீயும் எழுதியதும் எனக்குச் சுருக்கென்றது. இங்கே சபைச் செயலாளர் வெள்ளைத்துரை இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "மதுரையில எல்லாம் மாத்திட்டாக அய்யா. எம்புட்டுக் குப்பி வேணுமோ நானே வாங்கித் தாரேன். அந்தச் சோலையம்மா இருமுற இருமலுக்குப் பெறகு எப்படிக் குடிக்கிறது?" என்கிறார். சோலையம்மாளை நீ பார்த்திருப்பாய். தெற்குத் தெருவில் தனியாக இருக்கிற மனுஷி, கோயில் வாசலோரத் தூணில் சாய்ந்து உட்காரும்.

நான் இந்தச் சபைக்கு வந்தபோது இங்கே இரண்டு பாத்திரம் இருந்தது உனக்குத் தெரியாது. மேலத் தெருவுக்கு வெள்ளி. தெற்குத் தெருவுக்குப் பித்தளை. அவர்கள் வாய் பட்டதில் இவர்கள் குடிக்க மாட்டார்கள். அந்தப் பித்தளையை எடுத்துப் பூட்டி வைக்க எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. வெள்ளைத்துரையின் அப்பா அதன்பிறகு சாகும்வரை திருவிருந்துக்கு வரவில்லை. இப்போது குப்பி என்றால் என்ன? இரண்டாக இருந்தது அறுபதாகும், அவ்வளவுதான்.

வெறும் திராட்சை ரசமென்றால் எதில் குடித்தால் என்ன? அவருடைய இரத்தம் என்றுதான் நான் கையில் ஏந்துகிறேன். அதில் நோய் வராது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்,
வேதமுத்து

கே.கே. நகர்
15 பிப்ரவரி 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். நம்ப வேண்டியிருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலில் டி.பி. சளியிலும் கிருமி இருக்கிறது. தினம் ஊசி, கை நிறைய மாத்திரை. இவர் என் ஆபீஸில் நிமோனியா என்று சொல்லியிருக்கிறார். மாமியாரிடமும் அப்படியே. "வெளிய தெரிஞ்சா ஒருத்தன் நம்ம வீட்டுல தண்ணி குடிக்க மாட்டான்" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவரும் பயந்துதான் கிடக்கிறார்.

பண்டிகைக்கு முன்பே ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் பார்த்தேன். ஈறு என்று சொல்லிக்கொண்டேன். பீடத்தின் முன் முழங்காலிட்டபோது எனக்குத் தெரியும் அண்ணே. தெரியாது என்றும் சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் பாத்திரத்தை நீட்டினீர்கள், குடித்தேன். எனக்கு அடுத்து இருந்தது அந்தச் சோலையம்மாள். அவளுக்கு அடுத்து மாசமாக இருந்த ஒரு பெண். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் முழங்காலிட்டது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆண்டவரை நினைத்துக் குடிக்கிறோம், அவ்வளவுதான். ரசம் ரசமாகத்தான் இருக்கிறது. கிருமிக்கு நம்முடைய ஜெபம் கேட்காது. பாத்திரத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள். குப்பியோ எதுவோ, மாற்றிவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜெயா

ஊத்தங்குளம்
22 பிப்ரவரி 1979

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். மருந்தைத் தப்பவிடாதே. முட்டையும் பாலும் சாப்பிடு. இப்போதெல்லாம் இது சாகிற நோய் இல்லை என்கிறார்கள். உனக்காக ஜெபிக்காத வேளை இல்லை.

யாரிடமும் சொல்லாதே. உன் மதினியிடமே நான் சொல்லவில்லை. வெள்ளைத்துரைக்குத் தெரிந்தால் அதுவே போதும், மறுநாளே குப்பி வந்து இறங்கிவிடும்.

எல்லாரும் குடித்து மிஞ்சியதை ஆயர்தான் குடித்துத் தீர்க்கிறார் என்பதை மறந்துவிட்டாயா? நீ குடித்த அன்றைக்கும் கடைசி வாய் என்னுடையதுதான். எனக்கு ஒன்றும் வரவில்லையே. வெறும் ரசம் என்று நீ எழுதிவிட்டாய். அப்படியானால் இத்தனை வருடம் நான் இந்த ஜனங்களுக்கு எதைக் கொடுத்தேன்? இந்த ஞாயிறும் வழக்கம்போலக் கொடுப்பேன்.

நாங்கள் சுகம். ரூபி பள்ளிக்கூடம் போகிறாள்.

அண்ணன்

கே.கே. நகர்
12 மார்ச் 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினிக்கும் ரூபிக்கும் என் அன்பு. எனக்குக் காய்ச்சல் நின்றிருக்கிறது. ஊசி போட்ட இடம் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை.

ரூபி பள்ளிக்கூடம் போகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் எப்போதும் போகிறவள்தானே. அதை ஏன் தனியாக எழுத வேண்டும்? அந்த ஒரு வரியைப் படித்துப் படித்துத் தாள் நைந்துவிட்டது.

நான் சொல்வது சரியென்றால் அது ரசம், நான் அதில் நோயைக் கலந்தேன். நீங்கள் சொல்வது சரியென்றால் இன்னும் மோசம். அது அவருடைய இரத்தம், நான் நோயை ஒளித்துக்கொண்டு குடித்தவள். அபாத்திரமாய்க் குடிக்கிறவர்களைப் பற்றிப் பவுல் எச்சரித்ததை வைத்து நீங்களே எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறீர்கள். சின்ன வயதில் அந்தச் சொல்லைக் கேட்டு, பாத்திரம் இல்லாமல் கையில் வாங்கிக் குடிப்பது என்று நினைத்திருந்தேன். தகுதியில்லாமல் குடிப்பது என்று இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. மருந்து என்னைக் குணப்படுத்துகிறதா, தண்டனை இன்னும் வரவில்லையா என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் விடிகிறது.

இங்கே குப்பியைக்கூட நான் தொடுவதில்லை. திருவிருந்து நாளில் தலைவலி என்று படுத்துக்கொள்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஜெயா

கே.கே. நகர்
19 ஏப்ரல் 1979

அண்ணனுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். என் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒரு வரி போதும். ரூபி எப்படி இருக்கிறாள்? திறந்த கார்டு என்பதால் வேறொன்றும் எழுதவில்லை.

ஜெ.

ஊத்தங்குளம்
27 ஏப்ரல் 1979

ஜெயாவுக்கு மதினி முத்துத்தாய் எழுதிக்கொண்டது.

உன் உடம்பு தேறி வருகிறதா? உனக்கு வந்திருப்பது என்னவென்று எனக்கு இப்போது தெரியும். பெரிய வியாழன் அன்று உன் அண்ணன் சொன்னார். உனக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னார். எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

லெந்து நோன்பு தொடங்கினதிலிருந்து ரூபிக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். பிள்ளை உருகிவிட்டது. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. கம்பவுண்டர் மருந்து கேட்கவில்லை. மதுரைக்குத் தூக்கிப் போவோம் என்றால், "ஈஸ்டர் முடியட்டும்" என்றார். ஈஸ்டரும் முடிந்துவிட்டது. டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று அவருக்கு நடுக்கம். அதை வாய் திறந்து சொல்ல மாட்டார்.

சனிக்கிழமைதோறும் பாத்திரத்தை வீட்டுக்கு எடுத்து வருகிறார். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கொதிதண்ணீரில் போடுகிறார். கேட்டால், "வெள்ளி கறுத்துப்போச்சு, வெளக்குறேன்" என்கிறார். மறுநாள் கோயிலில் நின்று, பயப்படாதிருங்கள் என்று பிரசங்கம்.

பெரிய வியாழன் ஆராதனைக்கு முன்னால் வெள்ளைத்துரை வந்தார். "இன்னைக்கு அந்த அம்மாவுக்குக் குடுத்தீகன்னா மேலத் தெருவுல ஒருத்தரும் எந்திரிச்சு வர மாட்டோம்" என்றார். சோலையம்மா முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். அப்பம் கொடுத்தார். பாத்திரம் கொண்டு வரும்போது அவளைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய்விட்டார். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்து, "வெள்ளைத்துரைக்காகவா தாண்டுனீக?" என்று கேட்டேன். "இல்ல முத்து. ஜெயாவுக்கு அடுத்து அவதான குடிச்சா. ஒட்டியிருக்குமோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லி அழுதார். அப்போதுதான் எல்லாம் சொன்னார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வேண்டும். இன்னும் வரவில்லை. என் பிள்ளைக்கு என்ன செய்வது, சொல்.

முத்துத்தாய்

கே.கே. நகர்
4 மே 1979

அண்ணே,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதம் கண்டதும் ரூபியை பஸ் ஏற்றுங்கள். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பாத்திரம் உட்பட. அவர் கேட்டுவிட்டு, "கப்புல ஒட்டுற நோய் இல்லம்மா இது. இருமும்போது காத்துல போறது. ஒங்ககூட ஒரே ரூம்ல படுத்தது யாரு?" என்று கேட்டார். ரூபி என்றேன். "அந்தப் புள்ளைய மொதல்ல கூட்டிட்டு வாங்க" என்றார். இத்தனை மாதமும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணே. போர்வையைப் பார்க்கவில்லை. மதினி என்னை மன்னிக்க வேண்டாம்.

பாத்திரத்தால் நோய் வராது என்றீர்கள். அது சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் நீங்களே அதை நம்பவில்லையே. நம்பாமலே எனக்கு அப்படி எழுதினீர்களே. பித்தளையைப் பூட்டி வைத்த கையால் அந்த மனுஷியைத் தாண்டிப் போனீர்களே. நோயாளி நான். எனக்குக் கொடுத்தீர்கள், அவளுக்கு மறுத்தீர்கள்.

ஜூன் முதல் ஞாயிறு நான் வருவேன். சபை நடுவில் நின்று சொல்வேன். இவர், "போனா திரும்பி வராத" என்று கத்தினார், பிறகு தானே வந்து பஸ் நேரம் கேட்டார். எனக்கும் பயம்தான். ஆனாலும் வருவேன்.

ஜெயா

ஊத்தங்குளம்
6 ஜூன் 1979

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

முதலில் ரூபி. நீ ஆஸ்பத்திரியில் பார்த்ததற்கு இப்போது நன்றாகவே இருக்கிறாள். பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்கிற அந்தப் பிள்ளை டி.பி.க்கு மருந்து பிடித்துக்கொண்டது, காய்ச்சல் இல்லை, பசி வந்துவிட்டது. அன்றைக்கு அவள் உன்னைப் பார்த்துக் கையை நீட்டியும் நீ தூணோரமாகவே நின்றாயே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சோலையம்மாளுக்கும் சளி பார்த்தாயிற்று. டி.பி. இல்லை, வெறும் மூச்சிளைப்புதான். அந்த மாசமாக இருந்த பெண்ணுக்கு ஆண் குழந்தை, இருவரும் சுகம்.

நீ வர வேண்டாம், நானே சொல்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் வைத்து உன்னிடம் வாக்குக் கொடுத்தேன். நீ குறித்த அதே நாளில், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று சொல்லிவிட்டேன்.

பிரசங்கம் செய்யவில்லை. "கிறிஸ்துமஸ் அன்னைக்கு டி.பி.யோட இருந்தது என் தங்கச்சி. மாசியிலேயே எனக்குத் தெரியும். மறைச்சேன். சோலையம்மாவைத் தாண்டிப் போனது என்னோட பயம். அவுக மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். வெள்ளைத்துரைதான் முதலில் எழுந்தார். "எங்களையெல்லாம் சாகக் குடுக்கப் பாத்தீகளா அய்யா?" என்றார். டாக்டர் சொன்னதைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். மேலத் தெரு முழுக்கப் போயிற்று. தெற்குத் தெருவிலும் பாதிப்பேர் போனார்கள்.

இருந்தவர்களை வைத்துக்கொண்டு அப்பத்தையும் ரசத்தையும் எடுத்து ஜெபித்தேன். யாரும் முன்னால் வரவில்லை. கடைசியில் நானே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தூணுக்குப் போனேன். சோலையம்மாள் தலையை ஆட்டினாள்.

"வேணாம் சாமி."

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு தாயி. மன்னிச்சிருங்க."

"அதுக்குச் சொல்லல. ஒங்க வீட்டுலதான நோவு கெடக்கு? ஒங்க வாய் பட்ட ஏனத்துல நான் எப்படிக் குடிப்பேன்? எனக்கும் உசுரு இருக்குல்ல."

வெள்ளைத்துரை அவளைச் சொன்னதை அவள் என்னைச் சொல்கிறாள். முறைப்படி கடைசி வாய் போலவே முதல் வாயும் ஆயருடையதுதான். அன்றைக்குப் பதற்றத்தில் நான் குடிக்காமலே இறங்கி வந்திருந்தேன். "இன்னும் என் வாய் படல. நீங்க மொதல்ல குடிங்க. ஒங்களுக்குப் பெறகு நான் குடிக்கிறேன்" என்றேன்.

"நெசமாவா?" என்று கேட்டாள். பாத்திரத்துக்குள்ளே எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். குடித்ததும் இருமல் வந்துவிட்டது. பாத்திரத்தின் மேலேயே இருமினாள்.

மிச்சமிருந்த ஜனங்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. துடைக்காமல் குடித்தேன். விசுவாசத்தோடு குடித்தேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. பயத்தோடுதான் குடித்தேன். இளைப்பு என்று டாக்டர் சொல்லியும் அந்தப் பயம் போகவில்லை. கையில் இருப்பது ரசமா இரத்தமா என்ற யோசனையே எனக்கு அப்போது வரவில்லை. அவளுக்கு அடுத்து நான் குடிக்க வேண்டும், அதுதான் தெரிந்தது.

பிறகு உன் மதினி வந்தாள். தெற்குத் தெருவில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

வெள்ளைத்துரை மேலிடத்துக்கு மனு எழுதிவிட்டார். என்ன வருமோ தெரியாது. நீ மருந்தை நிறுத்திவிடாதே.

அண்ணன்,
வேதமுத்து

கே.கே. நகர்
12 நவம்பர் 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலமென்று மதினி கடிதத்தில் பார்த்தேன். ரூபி எடை கூடியதற்கு இங்கே நான் ஒருத்தியாக உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன். எனக்கு அடுத்தடுத்துப் பார்த்த சளியில் கிருமி இல்லை. யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். மாத்திரை மட்டும் அடுத்த வருடம்வரை உண்டு. வேலைக்குப் போகிறேன். சூப்பர்வைசர் அம்மாளிடம் உள்ளதைச் சொன்னேன். கடைசி நாற்காலியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். என் ஹெட்போனை வேறு யாரும் தொடுவதில்லை. போகட்டும்.

பாத்திரம் வேண்டுகிறவர்களுக்குப் பாத்திரம், குப்பி வேண்டுகிறவர்களுக்குக் குப்பி என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாமே. இப்போது அங்கே இரண்டு வரிசை என்று மதினி எழுதியிருந்தாள். உங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வர ஆசை. ஆனால் எந்த வரிசையில் வருவேன்? பாத்திரத்து வரிசைக்கு வந்தால் இருக்கிற ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்து விலகிவிடுவார்களோ என்று பயம். குப்பிக்குப் போனால் உங்களை விட்டுப் போனதாகும். வராமலே இருந்துவிடவா?

ஜெயா

ஊத்தங்குளம்
22 நவம்பர் 1979

அன்புத் தங்கைக்கு,

இங்கே மழை நன்றாகப் பெய்திருக்கிறது. எல்லாரும் சுகம். உண்மையாகவே சுகம்.

உன் கேள்விக்கு நானாகப் பதில் சொல்லக் கூடாது என்று, பாத்திரத்து வரிசைக்காரர்களையே ஆராதனை முடிந்ததும் நிறுத்திக் கேட்டேன். சோலையம்மாள்தான் பேசினாள்.

"டாக்டரு ஒட்டாதுன்னுட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"எழுதிக் குடுத்துருக்காரா?"

"குடுத்துருக்காரு."

"எனக்குப் பயமாத்தேன் இருக்கு. வரச் சொல்லுங்க. ஆனா எனக்கு முன்னாடி வேணாம், அடுத்தாப்புல இருக்கட்டும்."

சரி, உனக்கு அடுத்தது யார் என்று கேட்டேன். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். முத்துத்தாயும் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, என் முகத்தைப் பார்க்காமலே, "ஜெயாவுக்கு அடுத்து நான் குடிக்கிறேன்னு எழுதுங்க" என்றாள். குழம்பை ஊற்றிவிட்டு, "ராத்திரிக்கு மட்டும் ரூபி என் பக்கத்துலயே படுக்கட்டும்" என்றாள்.

வா.

அண்ணன்,
வேதமுத்து